நாற்பது அடிக்கு ஐந்து அங்குலம்

புல் வந்துவிட்டது.
நாலு சுருள், மதுரையிலிருந்து வேனில்.
காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
"விரிச்சு விட்டுருங்க வில்லாயுதம்,
பிள்ளைக லீவுக்கு வருதுக"
என்கிறார் புருணையிலிருந்து அசன் குத்தூஸ்.
அவர் குரலுக்குப் பின்னால்
அங்கே பெய்யும் மழை போனில் கேட்கிறது.

நான் விரிக்கவில்லை.
முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி போட்டு
ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை
ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.
ஒரு தும்பி வாலைத் தொட்டுத் தொட்டு
அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.
படமெடுத்து அனுப்பினேன்.
அரை மணி நேரம் நீலக் குறி மட்டும்.
பிறகு, "சரி. எவ்வளவு ஆகும்?"

திருப்பாலைக்குடிக் களிமண் அப்படி.
சித்திரையில் பிளந்த வாயில்
சாவி விழுந்தால் சாவி போச்சு.
ஐப்பசியில் மூடிக்கொண்டால்
கடன் கேட்டு வந்தவனைக் கண்ட கதவு.
அதன்மேல் நேரே விரித்தால்
முதல் மழைக்குப் புல் மிதக்கும்,
இரண்டாம் மழைக்கு நாறும்.

ஆறு அங்குலம் வெட்டி எடுத்தோம்,
நானும் பூவலிங்கமும்.
வெட்டிய நேரம் பாதி,
மண்வெட்டியை வழித்த நேரம் பாதி.
டியூப் மட்டம் பிடித்தோம்.
அவன் அந்த மூலை, நான் இந்த மூலை.
குழாய்க்குள் சிக்கிய ஒரு காற்றுக்குமிழி
இரண்டு பேரையும் பொய்யராக்கியது.
சுண்டிச் சுண்டி அதை விரட்டினோம்.
நாற்பது அடிக்கு ஐந்து அங்குலச் சரிவு.
நின்று பார்த்தால் தெரியாது.
தண்ணீருக்குத் தெரியும்.

வாய்க்கால் வெட்டி, துணி விரித்து,
ஓட்டைக் குழாயை வைத்தோம், ஓட்டை கீழே பார்க்க.
தொண்டியில் என் முதல் வேலையில்
மேலே பார்க்க வைத்தேன்.
மண் இறங்கி அடைத்துக்கொண்டது.
அந்தக் குழாயைத் தோண்டி எடுத்த கூலி
என் கையிலிருந்து போனது.
அதன்மேல் முக்கால் ஜல்லி, அதன்மேல் கிரஷர் தூள்.
கூப்பிடு தூரத்தில் கடல்மணல் சும்மா கிடக்கிறது.
கிடக்கட்டும்.

எல்லாம் சரி, குழாயின் மறுமுனை?
தெருவில் சாக்கடை இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
இரண்டு ஹாலோ பிளாக்கின்மேல் ஏறி நின்று
மூன்று நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள் பிரகாசி.
குடம் பன்னிரண்டு ரூபாய் என்று
அன்று காலைதான் தள்ளுவண்டிக்காரனோடு சண்டை.
"தண்ணிய வெளியேத்தவா இம்புட்டுச் செலவு?"
நான் ஜல்லியைப் பரப்பினேன்.
"அப்ப இங்கிட்டு விடு."
அவள் வீட்டுக்காரன் கிணறென்று இறக்கி
உப்பு வந்து கைவிட்ட உறை,
அடி தூர்ந்து சும்மா இருக்கிறது.

"சுவத்துல ஓட்டையா?" என்றார் அசன் குத்தூஸ்.
வெகுநேரம் மழை மட்டும் பேசியது.
"பெருசா வேணாம்."

நாலு அங்குலம் போட்டேன்.
அதற்குக் கூலி எழுதவில்லை.

வியாழன் இரவு இருபது நிமிடம் பெய்தது.
விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
பச்சைமேல் வெறுங்காலோடு நடந்தேன்.
குதிகாலில் ஈரம், அவ்வளவுதான்.
உறையில் ஒரு சாண் தண்ணீர், டீ நிறத்தில்.
"ரப்பர் வாடை அடிக்குது," என்றாள் பிரகாசி,
"குடிக்க ஆகாது."
ஆனால் உறை விளிம்பில்
அதற்குள் மீன் செதிள் ஒட்டியிருந்தது.

திரும்பி வந்து செருப்பைத் தேடும்போது
குழி இருந்த இடத்துக்கு நேர் மேலே
ஒரு தும்பி.
பிளாஸ்டிக் புல்லை வாலால் தொட்டது.
இன்னொரு முறை தொட்டது.
பிறகு தொடாமல்
அங்கேயே நின்றது, காற்றில்.